தொட்டியின் அடியில் தண்ணீர்

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று உறவு முறிந்த வீடுகளைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் சொல்லுவார்கள். பழமொழி உண்மைதான். ஆனால் ஒட்டாத இரண்டு பேர் ஒரே வீட்டில் குடியிருக்க முடியும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். எண்ணெய் மாடியிலும் தண்ணீர் கீழ்த்தளத்திலுமாக, ஒன்றோடொன்று பேசாமல், மாதக் கணக்கில் குடித்தனம் நடத்தும். காசிமேட்டில் நிற்கிற விசைப்படகுகளின் டீசல் தொட்டிகளில் இப்படி ஒரு குடித்தனம் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. கீழ்வீட்டுக்காரரை அவ்வப்போது காலி செய்ய வைப்பது அங்கே ஒரு தனி வேலை. அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது, பெயரும் கிடையாது.

வடசென்னைக் கடற்கரைக்கு எஞ்சின் வந்த கதையைச் சொல்கிறவர்கள் எஞ்சினைப் பற்றிச் சொல்வார்கள். துறைமுகத்தைப் பற்றிச் சொல்வார்கள். சர்க்கார் கொடுத்த மானியத்தைப் பற்றிச் சொல்வார்கள். அந்த எஞ்சினுக்குள் போகிற எண்ணெயை யார் சுத்தமாக வைத்துக்கொண்டார்கள், எப்படி வைத்துக்கொண்டார்கள் என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு என்னவோ கதையின் பாதி அங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது.

எண்ணெய்த் தொட்டி என்ற வஸ்து சென்னை ஜனங்களின் மனத்தில் பதிந்தது ஒரே ராத்திரியில். 1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றது. பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைக் குறி வைத்துச் சுட்டது. அரைமணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன, ஊர் கலங்கிப்போயிற்று. கப்பல் வந்த வழியே போய்விட்டது. 'எம்டன்' என்ற சொல் மட்டும் தமிழில் தங்கிவிட்டது. கெட்டிக்காரப் பயலைப் பார்த்து 'சரியான எம்டன்' என்கிறோமே, அது அன்று வந்து சேர்ந்த சொல்தான்.

ஆனால் ராயபுரத்து மீனவனுக்கு அந்தத் தொட்டிகளோடு அன்று எந்தச் சம்பந்தமும் இல்லை. வீட்டு விளக்குக்கு ஓர் ஆழாக்கு எண்ணெய் வாங்கினால் சரி. கட்டுமரம் எண்ணெய் கேட்காது. காற்றடித்தால் பாய், காற்று விழுந்தால் துடுப்பு. அவன் உயிர் அவன் கையிலும் கயிற்றிலும் இருந்தது. அடுத்த ஐம்பது வருஷங்களில் அது மெல்ல மெல்ல ஓர் இரும்புத் தொட்டிக்குள் இடம் மாறியது.

அந்த மாற்றத்துக்குக் காரணமான யந்திரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானிய எஞ்சினீயர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் தம் எஞ்சினை ஒழுங்காக ஓட்டிக் காட்டினார். 1900-ஆம் வருஷத்துப் பாரிஸ் பொருட்காட்சியில் அந்த வகை எஞ்சின் ஒன்று நம் கடலை எண்ணெயிலே ஓடியது. 1913-ஆம் வருஷம் செப்டம்பர் 29-ஆம் தேதி இரவு, இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் ஏறிய டீசல் கரை சேரவில்லை. பிறகு அவருடைய உடல் கடலில் கிடைத்தது. கப்பல்களுக்கெல்லாம் யந்திரம் கொடுத்தவரைக் கடல் எடுத்துக்கொண்டது.

பெட்ரோல் எஞ்சினைப் போல இதில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தி அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டுக்குள் எண்ணெயைப் புகைபோலத் தூவவேண்டும். தூவுகிற நாசிலின் துளை ஊசிமுனையைவிடச் சிறியது. எண்ணெயை அழுத்துகிற பம்பில், உருளைக்கும் அதற்குள் ஓடுகிற தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் இரண்டு மூன்று பங்குதான். மனிதனின் தலைமயிர் அதைப்போல இருபது மடங்குக்கு மேல் தடிப்பானது. அந்தப் பம்புக்குத் தனியாக மசகு எண்ணெய் கிடையாது; ஓடுகிற டீசலே மசகு. அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் புகுந்தால் இரும்போடு இரும்பு உரசும். துரு ஏறும். இத்தனை முரட்டு எஞ்சினுக்குள் இத்தனை நாசூக்கான ஒரு தொண்டை இருக்கிறது.

இந்த யந்திரம் நம் மீனவர்களிடம் வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. 1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் ஒப்பந்தம் செய்துகொண்டன. மறுவருஷம் கொல்லத்துப் பக்கம் வேலை தொடங்கியது. அதே காலத்தில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்திலிருந்து பால் சீனர், பீட்டர் கர்ட்னர் என்ற படகுச் சிற்பிகள் இந்தியாவுக்கு வந்து, நம் கடலுக்கு ஏற்ற எஞ்சின் படகுகளை வரைந்து கொடுத்தார்கள். சென்னை ராஜ்யத்திலும் மானியத்தில் படகுகள் கட்டப்பட்டன.

மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாக இந்த வடக்குப் பகுதிக்கே வந்து சேர்ந்தன. எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. லாரிக்காகச் செய்த அதன் எஞ்சின்களின் தம்பிகள் பிற்பாடு படகுகளிலும் ஏறிக்கொண்டன. மீன்பிடிக் கப்பல்களுக்கு ஆட்களைப் பழக்கும் மத்திய சர்க்கார் நிலையத்தின் சென்னைக் கிளை 1968-இல் ஏற்பட்டது, ராயபுரத்தில் இருக்கிறது. மணலியில் சுத்திகரிப்பு ஆலை 1969-இல் ஓட ஆரம்பித்தது. காசிமேட்டுத் துறைமுகம் 1980களில் உபயோகத்துக்கு வந்தது. எஞ்சின், எண்ணெய், பள்ளிக்கூடம், துறை என்று நான்கும் சில மைல் வட்டாரத்துக்குள் அமைந்துவிட்டன. இப்படி ஒரு வசதி எல்லாக் கடற்கரைக்கும் வாய்ப்பதில்லை.

பழக்கம் மட்டும் கட்டடம் கட்டி வருவதில்லை. கட்டுமரத்தைக் கரைக்கு இழுத்ததும் கட்டைகளைப் பிரித்து உலர்த்தவேண்டும் என்பதை மீனவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அது தகப்பனிடமிருந்து வந்தது. தொட்டியின் அடியைக் கவனிக்கவேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்க அவனுக்கு ஒரு தகப்பன் இருக்கவில்லை. அந்தத் தலைமுறை எஞ்சின் நின்று நின்றுதான் அதைக் கற்றுக்கொண்டது.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது? ஆலையிலிருந்து வரும்போது டீசல் சுத்தமாகத்தான் வருகிறது. ஒரு பீப்பாயை மூடி மேலே இருக்கும்படி வெயிலில் நிறுத்தி வையுங்கள். பகலில் உள்ளே இருக்கிற காற்று சூடாகி விரிந்து, மூடியின் மரை வழியே வெளியேறும். சாயங்காலம் மழை பெய்து மூடியைச் சுற்றித் தண்ணீர் தேங்கும். ராத்திரி பீப்பாய் குளிர்ந்து மூச்சை உள்ளே இழுக்கும்போது அந்த மழைத் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். மூடி இறுகத்தான் இருக்கிறது. ஆனாலும் பீப்பாய் குடிக்கிறது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பீப்பாயைப் படுக்கப்போட்டு, இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில், எண்ணெயில் நனைந்தபடி இருக்குமாறு வைப்பார்கள். படகின் தொட்டியும் இப்படியே மூச்சு விடுகிறது. அதற்கென்று வைத்த குழாய் வழியாகக் கடற்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. அலை தளத்தில் ஏறும்போது தேய்ந்துபோன மூடி வழியாக உப்புத் தண்ணீரும் இறங்குகிறது.

இறங்கிய தண்ணீர் உடனே அடிக்குப் போய்விடுமானால் பெரிய தொந்தரவு இல்லை. 1851-இல் ஸ்டோக்ஸ் என்ற கணித மேதை, ஒரு திரவத்துக்குள் சிறு துளி எத்தனை வேகத்தில் இறங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். துளியின் குறுக்களவு பத்தில் ஒன்றானால் அது இறங்கும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குள்ள தண்ணீர்த்துளி டீசலில் அரைமீட்டர் ஆழம் இறங்க ஏறக்குறைய அரைமணி போதும். அதிலும் பத்தில் ஒரு பங்கு துளிக்கு இரண்டு நாள் வேண்டும். கரையில் உள்ள தொட்டிக்கு இரண்டு நாள் ஓய்வு கிடைக்கலாம். கடலில் போகிற தொட்டிக்கு ஏது ஓய்வு?

இதைப் புத்தகம் படிக்காமலே அறிந்த ஒரு பெரியவரைக் காசிமேட்டில் சந்தித்தேன். படகு எஞ்சின் டிரைவராக முப்பது வருஷம் கடலுக்குப் போனவர். இப்போது மகன் போகிறான்; இவர் கரையில் உட்கார்ந்து அவனை அதட்டுகிறார்.

"டீசல்ல தண்ணி கீதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அந்த ஊர்ப் பேச்சு என் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

"கடல் சும்மா கீறப்ப தெரியாது சார்," என்றார். "அது பாட்டுக்குக் கீழ தூங்கினு கெடக்கும். கடல் எழுந்தா அதுவும் எழுந்துக்கும். அப்பத்தான் மிசினு நிக்கும்."

இதைவிடச் சுருக்கமாக ஓர் எஞ்சினீயரால் சொல்லமுடியுமா என்பது சந்தேகம். அமைதியான கடலில் எத்தனை மாதம் போய்வந்தாலும் தொட்டியின் அடியில் தண்ணீரும் வண்டலும் அலுங்காமல் கிடக்கும். புயற்காற்று வந்து படகு உருளும்போதுதான் அடியிலிருப்பது மேலே கிளம்பி, எண்ணெய் போகிற குழாய்க்குள் நுழைகிறது. பில்டர் அடைக்கிறது, எஞ்சின் இருமுகிறது, நிற்கிறது. எஞ்சின் மிகமிக அவசியமாக இருக்கிற அந்த நிமிஷத்தில் நிற்கிறது. எஞ்சின் நின்ற படகு அலைக்கு முகம் கொடுக்க முடியாமல் பக்கவாட்டில் திரும்பிவிடும். அதற்குப் பிறகு கீழே இறங்கி, பில்டரைக் கழற்றி, புதிதாகப் போட்டு, கையால் பம்பு அடித்து, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றவேண்டும். 'ஏர் எடுப்பது' என்பார்கள். கரையில் அது கால்மணி நேர வேலை. இருட்டில், ஆடுகிற படகில், டீசல் வழுக்குகிற தரையில் அது எத்தனை நேரமாகும் என்பதைப் போய்வந்தவர்கள்தான் சொல்லவேண்டும். லாரி நின்றால் டிரைவர் இறங்கி வேப்பமரத்தடியில் பீடி பற்றவைத்துக்கொள்ளலாம். இங்கே இறங்க இடம் இல்லை.

பெரியவருடைய முறை எளிமையானது. தொட்டியின் அடிமட்டத்தில் ஒரு சின்னக் குழாய்த்திறப்பு. கடலுக்குப் புறப்படும் முன், படகு அசையாமல் நின்ற இரவு கழிந்த விடியற்காலையில், அதைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடிக்கவேண்டும். கலங்கலாக வந்தால் தெளியும்வரை விடவேண்டும். டீசல் பளபளவென்று வந்தால் மூடிவிடலாம். டீசல் நிரப்பிய உடனே கிளம்பக்கூடாது. எண்ணெய் எடுக்கும் குழாயின் வாய் தொட்டியின் தரையைத் தொடக்கூடாது; நாலு விரற்கடை மேலே நிற்கவேண்டும். எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷ வேலை. "இந்தப் பத்து நிமிசம் பண்ண மாட்டான் சார், பாட்டு கேப்பான்," என்று மகனைக் காட்டிச் சொன்னார். மகன் எனக்குக் கேட்காதபடி ஏதோ பதில் சொன்னான்.

பெரிய கப்பல்களில் இந்த வேலையை யந்திரமே செய்கிறது. அந்த யந்திரத்தின் பூர்வீகம் மாட்டுத்தொழுவம். டி லாவல் என்ற ஸ்வீடன் தேசத்து எஞ்சினீயர் 1878-இல் பாலிலிருந்து பாலேட்டைப் பிரிக்க ஒரு சுழலும் பாத்திரம் செய்தார். வேகமாகச் சுழன்றால் கனமானது வெளியே ஒதுங்கும், லேசானது நடுவில் நிற்கும். நம் வீட்டு மத்தின் பணக்கார உறவினர் என்று சொல்லலாம். பிற்காலத்தில் கப்பல்காரர்கள் அதே வித்தையால் எண்ணெயிலிருந்து தண்ணீரையும் அழுக்கையும் பிரித்தார்கள். காசிமேட்டுப் படகுக்கு அந்த வசதி இல்லை. அதற்கு இருப்பது புவியீர்ப்பும் ஒரு காகித பில்டரும் பொறுமையும்தான்.

தண்ணீரால் இன்னொரு வினையும் உண்டு. எண்ணெயில் புழு பூச்சி வாழாது என்று நினைக்கிறோம். 1895-லேயே மியோஷி என்ற ஜப்பானியத் தாவர சாஸ்திரி, பாரபின் மெழுகைத் தின்னும் பூஞ்சையைப் பற்றி எழுதிவிட்டார். அது பெருந்தொல்லையாகத் தெரிந்தது 1950களுக்குப் பிறகு, ஜெட் விமானங்களின் இறக்கைத் தொட்டிகளில் பிசுபிசுப்பான ஒரு படலம் வளர்ந்தபோது. ஹார்மோகோனிஸ் ரெசினே என்று அந்தப் பூஞ்சைக்குப் பெயர். மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்றாலும் புரிந்துகொள்வார்கள். அது குடியிருப்பது தண்ணீரில், சாப்பிடுவது எண்ணெயை. ஆகவே இரண்டும் சந்திக்கிற எல்லைக்கோட்டில்தான் அதன் பயிர். அதற்குப் பிடித்தமான உஷ்ணம் 25 முதல் 30 டிகிரி வரை, அதாவது நம் ஊர். அதோடு கூடச் சேரும் ஒரு சில பாக்டீரியாக்கள் கந்தக வாயுவைக் கிளப்பி, அழுகிய முட்டை நாற்றம் வீசவைத்து, தொட்டியின் இரும்பையும் அரித்துவிடும். கொல்வதற்கு மருந்து விற்கிறார்கள். ஆனால் செத்த பூஞ்சையும் பில்டரை அடைக்கத்தான் செய்யும். முதலில் தண்ணீரை எடுத்துவிட்டால் அதற்குக் குடியிருக்க இடமே இல்லை.

2020-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் நாட்டில் விற்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்து பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி வந்தது. நல்ல விதி. காற்றுக்கு நல்லது. ஆனால் அதைச் சுத்தமான டீசல் என்று சொல்லிச் சொல்லி, இனித் தொட்டியைப் பார்க்க வேண்டியதில்லை என்று சிலர் அர்த்தம் செய்துகொண்டார்கள். கந்தகம் போனால் தண்ணீரும் போகும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

உல்லாசத்துக்குப் படகு வைத்திருப்பவர்களுக்கு இந்த நோய் இன்னும் அதிகம். அவர்களும் இந்த வட்டாரத்துக்குப் புதியவர்கள் அல்ல. ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் எண்ணூர் உப்பங்கழிக்குப் படகு விடப் போவார்கள். துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911-இல் ஏற்படுத்திய யாட் கிளப் துறைமுகத்தின் அரவணைப்பிலேயே வளர்ந்தது. பாய் விரித்துப் போகிறவரை அங்கும் எண்ணெய்க் கவலை இல்லை. பாய்ப்படகிலும் ஒரு சின்ன எஞ்சின் வைத்துக்கொள்ளும் வழக்கம் உலகமெங்கும் வந்ததும் கவலையும் வந்தது. உழைக்கிற படகு நிரப்பிய டீசலைச் சில நாளில் எரித்துவிடுகிறது. உல்லாசப் படகு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஓடும். மீதி நாளெல்லாம் அதே டீசலை வைத்துக்கொண்டு கட்டிக் கிடக்கும். பாதித் தொட்டி எண்ணெய், பாதித் தொட்டி ஈரக்காற்று. பூஞ்சைக்கு இதைவிட நல்ல சத்திரம் கிடைக்காது.

உழைக்கிற படகையும் வருஷத்தில் ஒரு முறை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது ஒரு நல்ல காரியம். மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்ற தடை தமிழ்நாட்டில் 2001 முதல் 45 நாட்களுக்கு இருந்தது. 2017-இலிருந்து 61 நாட்கள் ஆயிற்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இரண்டு மாதம் படகுகள் வெயிலில் நிற்கின்றன. தொட்டியை விளிம்புவரை நிரப்பி வைத்தால் காற்றுக்கு இடமில்லை, ஈரத்துக்கும் இடமில்லை என்பது சாஸ்திரம். ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கிற தொட்டியை, வருமானமே இல்லாத இரண்டு மாதத்துக்கு யார் பணம் போட்டு நிரப்புவது? ஆகவே பலர் வற்றவிட்டு, உள்ளே ஆள் இறங்கித் துடைத்துச் சுத்தம் செய்கிறார்கள். அதுவும் செய்யாமல் பாதித் தொட்டியோடு விட்டுவிடுகிறவரின் படகு ஜூன் மாதம் முதல் நடையிலேயே பதில் சொல்லும்.

இனி ஒரு சங்கடமான கேள்வி. அடியிலிருந்து வடித்த அந்தக் கலங்கல் எங்கே போகிறது? படகுக்குப் படகு அரை லிட்டர், ஒரு லிட்டர். துறைமுகத் தண்ணீரின்மேல் வானவில் நிறத்தில் மிதக்கிற படலத்தைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். டீசலில் தண்ணீர் கலந்தால் படகு நிற்கிறது. தண்ணீரில் டீசல் கலந்தால் மீன் நிற்கிறது. 2017 ஜனவரி 28-இல் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கரி எண்ணெய் கரையெல்லாம் அப்பியபோது, அதை வாளிகளால் அள்ளினார்கள். அள்ளியவர்களில் மீனவர்களும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தபோதும் வலைகளும் படகுகளும் கறுத்தன. பெரியவர்கள் கொட்டியதை அள்ளியவர்களிடம் போய், உன் அரை லிட்டரைக் கொட்டாதே என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் மீன் பிடிக்கிறவர்களும் அவர்களேதான். அவர்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

சர்க்கார் எஞ்சினுக்கு மானியம் கொடுத்தது. டீசலுக்கு வரிச்சலுகை கொடுக்கிறது. அதில் ஒரு சிறு துளியை எடுத்து, புதிதாகக் கட்டுகிற ஒவ்வொரு படகின் தொட்டிக்கும் சரிவான அடியும் ஒரு வடிகுழாயும் இருந்தாக வேண்டும் என்று பார்க்கலாம். துறையில் நூறு படகுக்கு ஒரு பீப்பாய் வைத்து, வடித்ததை அதில் ஊற்றச் சொல்லி, வாரம் ஒருமுறை எடுத்துப்போகலாம். இரண்டும் திறப்புவிழா நடத்தும்படியான காரியங்கள் அல்ல, அதனால்தான் எழுதிவைக்கிறேன். அதுவரைக்கும் விடியற்காலையில் ஒரு பையனை இறக்கி, பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொல்கிற டிரைவர்கள் இருக்கிறார்கள். பையன் முணுமுணுத்துக்கொண்டே செய்கிறான். செய்யட்டும். கடல் எழுகிற அன்று அவனுக்கு அர்த்தம் தெரியும்.